டைனமோவில் 14.3, பேட்டரியில் 12.3

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா போன் செய்தார். "மாப்ள, வண்டியை வித்துடலாம்னு இருக்கேன். தெரிஞ்சவங்க யாராச்சும் கேட்டா சொல்லு."

மாமாவின் வண்டி இருபது வருஷப் பழசான டீசல் பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களில் தக்காளியும் முருங்கையும் ஏற்றி ஓடியே தேய்ந்த வண்டி. காய் பறித்து, கட்டி, ஏற்றும்போதே இருட்டிவிடும். அதனால் ஓட்டம் பெரும்பாலும் லைட் வெளிச்சத்தில்தான்.

எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை. பிரச்சினை பேட்டரி. 14 மாசத்தில் 2 பேட்டரி மாற்றியாகிவிட்டது. நடுவில் டைனமோவையும் கழற்றி, ரீகண்டிஷன் செய்த வேறு ஒன்று போட்டார்கள். புது பேட்டரி போட்ட ஒரு மாசம் செல்ஃப் ஜோராக அடிக்கும். அப்புறம் மெல்ல மெல்லச் சோர்ந்து, ஒருநாள் காலையில் 'டொக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். தள்ளி ஸ்டார்ட் பண்ண நாலு பேரைத் தேடணும்.

இதெல்லாம் பணச் செலவு, சரி. அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பேட்டரி தாங்கணுமேன்னு நிலா வெளிச்சம் இருந்தா ஹெட்லைட்டை அணைச்சுட்டு வர்றேன் மாப்ள. போன வாரம் ஒரு சைக்கிள்காரர், கடைசி நேரத்துலதான் தெரிஞ்சார்."

அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். நான் மெக்கானிக் இல்லை. கையில் இருந்தது ஒரு சாதாரண மல்டிமீட்டர். அன்றைக்குக் கற்றதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பேட்டரிக் காசையாவது மிச்சப்படுத்தும்.

டைனமோ என்று நாம் சொல்வது

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பட்டறையில் எல்லோரும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். உண்மையான டைனமோ, அதாவது நேராக டிசி கரண்ட் தருகிற பழைய மெஷின், 1960-களிலேயே புது கார்களில் இருந்து விலக ஆரம்பித்துவிட்டது. இப்போது இருப்பது ஆல்டர்னேட்டர். மெஷின் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. நானும் டைனமோ என்றே எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். நடுவில் சுற்றுகிற ரோட்டரில் ஒரு காயில் இருக்கிறது. அதற்குக் கார்பன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் அது காந்தமாகிறது. அந்தக் காந்தம் சுற்றும்போது வெளியே இருக்கும் காயில்களில் ஏசி கரண்ட் உண்டாகிறது. டயோடுகள் அதை டிசி ஆக்குகின்றன. ரெகுலேட்டர், நம்ம பாஷையில் கட்டவுட், ரோட்டருக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைத்து வோல்ட்டேஜை ஏறக்குறைய 14-ல் நிறுத்தி வைக்கிறது.

ஏன் 14? பேட்டரியில் 6 செல். முழுசாக ஏறி ஓய்வாக இருக்கும்போது மொத்தம் 12.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 11.9-க்குக் கீழே போனால் காலி. 12.6-ல் இருப்பதற்குள் கரண்டைத் தள்ளணும் என்றால் அதைவிட உயரத்தில் இருந்துதான் தள்ள முடியும். மேல்தொட்டியில் இருந்துதான் கீழ்தொட்டிக்குத் தண்ணீர் வரும், அதே கதை. அதனால்தான் ஓடுகிற வண்டியில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை இருக்கணும். 15-ஐத் தாண்டினால் பேட்டரித் தண்ணீர் கொதித்துப் போகும். எப்போதும் 13-க்குக் கீழேயே கிடந்தால் இன்னொரு ஆபத்து. பேட்டரி முழுசாக ஏறுவதே இல்லை. பிளேட்டில் படியும் ஈய சல்பேட் நாளடைவில் கெட்டியாக இறுகிவிடும். அதன்பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

மாமாவின் 2 பேட்டரியும் செத்தது இப்படித்தான். பேட்டரி நோயாளி. நோய் வேறு எங்கேயோ.

எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் இருந்தார்கள்

ஊர் எலக்ட்ரீஷியனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி மேலே மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். 13.6 காட்டியிருக்கிறது. "சார்ஜ் ஏறுதுண்ணே, பேட்டரிதான் வீக்கு" என்று சொல்லிவிட்டார். அடுத்த தடவை, டைனமோவில் இருந்து வரும் வயர் அறுந்திருக்குமோ என்று மீட்டரை பீப் சத்தத்தில் போட்டு இரண்டு முனையிலும் தொட்டிருக்கிறார். 'பீப்' என்றது. வயர் நல்ல வயர் என்று முடிவு. வேறு ஒருவர் டைனமோவையே மாற்றினார்.

நான் போய் அதே 13.6-ஐத்தான் முதலில் பார்த்தேன். கொஞ்சம் குறைவுதான், ஆனால் கெட்ட எண் இல்லை. டைனமோ சூடானால் ரெகுலேட்டரே வோல்ட்டேஜைக் கொஞ்சம் இறக்கும். எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

டீ குடித்துக்கொண்டு இருக்கும்போது மாமா சாதாரணமாகச் சொன்னார். "ராத்திரியில அந்த பேட்டரி லைட்டு லேசா எரியும் மாப்ள. பீடி முனை மாதிரி. பகல்ல தெரியாது. நான் சொன்னா, 'எரிஞ்சா முழுசா எரியும், இல்லேன்னா எரியாது, உங்களுக்குக் கண்ணுல கோளாறு'ன்னுட்டாங்க."

அந்த வார்த்தைதான் முடிச்சை அவிழ்த்தது.

சிவப்பு லைட் சொல்லும் செய்தி

டேஷ்போர்டில் இருக்கும் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு பல்ப், 'சார்ஜ் இல்லை' என்று மட்டும் சொல்லும் விளக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு தராசு. அதன் ஒரு பக்கம் சாவி வழியாக பேட்டரியோடு சேர்கிறது. மறுபக்கம் டைனமோவின் டி ப்ளஸ் முனையில் சேர்கிறது.

சாவி போட்டதும் பேட்டரிப் பக்கம் 12 வோல்ட். டைனமோ சுற்றவில்லை, அந்தப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வித்தியாசம் அதிகம், பல்ப் எரிகிறது. அந்தச் சின்ன கரண்டுதான் ரோட்டருக்குப் போய் முதல் காந்தத்தையும் உண்டாக்குகிறது. (அதனால்தான் இந்த மாதிரி வண்டிகளில் அந்த பல்ப் பீஸ் போனால் டைனமோவே வேலையை ஆரம்பிக்கத் தயங்கும்.) எஞ்சின் ஓடி டைனமோ கரண்ட் கொடுக்க ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் 14 வோல்ட். தராசு சமம், பல்ப் அணைகிறது.

அப்படியானால் லேசாக எரிந்தால்? தராசு முழுசாகச் சாயவில்லை, ஆனால் சமமாகவும் இல்லை. டைனமோ பக்கத்துக்கும் பேட்டரி பக்கத்துக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு வோல்ட் வித்தியாசம் இருக்கிறது என்று அர்த்தம். 12 வோல்ட் பல்புக்கு 2 வோல்ட் கொடுத்தால் இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். பீடி முனை மாதிரி.

மாமாவின் கண்ணில் கோளாறு இல்லை. வண்டியிலேயே ஒரு மீட்டர் இருந்தது. அதைப் படித்தது அவர் ஒருவர்தான்.

கரண்ட் ஓடும்போது அளக்கணும்

இருட்டும் வரை காத்திருக்கவில்லை. ராத்திரி என்ன நடக்குமோ அதையே பகலில் உண்டாக்கினோம். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். ஹெட்லைட், பார்க்கிங் லைட், பம்பர் மேல் மாட்டியிருந்த இரண்டு கூடுதல் லைட், எல்லாம் ஆன்.

பேட்டரியில் 12.3. டைனமோவின் பின்னால் தடித்த வயர் மாட்டியிருக்கும் பி ப்ளஸ் போல்ட்டில் 14.3.

நடுவில் 2 வோல்ட்டைக் காணோம்.

டைனமோவுக்குத் தன் வாசலில் 14.3 தெரிகிறது. ரெகுலேட்டர் அங்கேயே உட்கார்ந்து பார்ப்பதால், 'நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன்' என்று நிம்மதியாக இருக்கிறது. பேட்டரிக்கு வந்து சேர்வதோ 12.3. அந்த உயரத்தில் பேட்டரிக்கு ஒன்றும் ஏறாது. லைட்டுக்குக் குறைகிற கரண்டையும் பேட்டரியே தன் கையிலிருந்து போட்டுக் கொடுக்கும்.

மாமாவுக்கு இதை விளக்க நான் வார்த்தை தேடிக்கொண்டு இருந்தேன். அவரே சொல்லிவிட்டார். "மோட்டார்கிட்ட பிச்சுக்கிட்டு அடிக்குது, கடைசி வயல்ல சொட்டுது. நடுவுல ஓஸ் மடங்கியிருக்கு. அதானே?"

அதேதான். அந்த உவமையை இன்னும் ஒரு அடி கொண்டுபோனால் மற்ற எல்லாம் விளங்கிவிடும். ஓஸ் மடங்கியிருந்தாலும் கடைசி வால்வை மூடி வைத்தால், ஓஸ் முழுக்க ஒரே அழுத்தம்தான் இருக்கும். தண்ணீர் ஓடாதபோது மடிப்பு தன்னைக் காட்டிக்கொள்ளாது. வால்வைத் திறந்து ஓடவிட்டால்தான் எங்கே அழுத்தம் விழுகிறது என்று தெரியும். 1827-ல் ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் எழுதி வைத்த விதியும் இதைத்தான் சொல்கிறது: இழக்கும் வோல்ட்டேஜ் என்பது ஓடும் கரண்ட் பெருக்கல் தடை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஹெட்லைட் 60 வாட் வீதம், ஏறக்குறைய 10 ஆம்பியர். கூடுதல் லைட் இரண்டும் 55 வாட் வீதம், இன்னொரு 9. பின் லைட், டேஷ்போர்டு எல்லாம் சேர்த்து 3. மொத்தம் 22 ஆம்பியர். 2 வோல்ட் இழப்பு, 22 ஆம்பியர் என்றால் தடை சுமார் 0.09 ஓம்.

இப்போது பழைய டெஸ்டுகளைத் திரும்பிப் பாருங்கள். பகலில் லைட் இல்லாமல் 8 ஆம்பியர் போல ஓடினால் இழப்பு 0.7 வோல்ட். 14.3-ல் 0.7 போனால் 13.6. எலக்ட்ரீஷியன் பார்த்த அதே எண்! பீப் டெஸ்டில் மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் அளவு கரண்ட். அதற்கு 0.09 ஓம் என்பது ஒன்றுமே இல்லை. மீட்டரின் இரண்டு வயருக்கே அந்த அளவு தடை இருக்கும். 20 கம்பி உள்ள வயரில் 19 அறுந்து 1 மிஞ்சினாலும் 'பீப்' என்றுதான் சொல்லும். மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. கேள்விதான் வேறு.

இருந்த இடம்

எங்கே என்று கண்டுபிடிப்பது அதன்பிறகு சுலபம். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை டைனமோ பி ப்ளஸ்ஸிலும், கறுப்பு முனையை பேட்டரி ப்ளஸ்ஸிலும் வைத்தேன். 2.0. காணாமல் போன வோல்ட்டேஜ் நேராகத் தெரிகிறது. பிறகு கறுப்பு முனையை பேட்டரியில் இருந்து டைனமோ பக்கமாக, தொடக்கூடிய ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினேன். பேட்டரி லக்கில் 2.0. பீஸ் பெட்டிப் போல்ட்டில் 1.9. பேட்டரி தட்டுக்குக் கீழே ஒரு வளைவு தாண்டியதும் 0.05.

அந்த வளைவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. தொட்டேன், கை சுட்டது. டேப் இளகி, பிசின் வழிந்து இறுகியிருந்தது. பிரித்தால் பச்சையும் கறுப்புமாக இரண்டு வயரின் முறுக்கு. எப்போதோ கேபினில் துரு வெட்டி வெல்டிங் வைத்தபோது வயரை அறுத்து, வேலை முடிந்ததும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். சால்டர் இல்லை, லக் இல்லை. பேட்டரி ஆசிட் ஆவியும் மழைத் தண்ணீரும் மீதி வேலையைப் பார்த்திருக்கின்றன.

2 வோல்ட், 22 ஆம்பியர் என்றால் 44 வாட் சூடு, அந்த ஒரு முடிச்சில். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பலவும் 25 வாட்தான். ஒவ்வொரு ராத்திரியும் அப்படி ஒன்றைவிடச் சூடான ஒன்றை டேப் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார் மாமா. பேட்டரி சாகும் முன் வண்டி தீப்பிடிக்காதது அதிர்ஷ்டம்.

பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு முடிச்சை முழுசாக வெட்டினோம். 10 ஸ்கொயர் வயர் இரண்டு மீட்டர், அழுத்திப் பொருத்திய லக் இரண்டு, உரசாமல் இருக்க மேலே ஒரு ஸ்லீவ். லக்கை அழுத்திக் கொடுத்தவர் அதே ஊர் எலக்ட்ரீஷியன். மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள். எல்லா லைட்டும் போட்டு மறுபடி அளந்தோம். டைனமோவில் 14.2, பேட்டரியில் 14.05.

வரிசை முக்கியம்

யாருக்காவது உதவும் என்று, நான் இப்போது பின்பற்றுகிற வரிசை:

1. ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் சாவி போடும் முன் பேட்டரி வோல்ட்டேஜ். 12.4-க்குக் கீழே என்றால் முதலில் வெளியே சார்ஜ் போட்டு நிரப்பணும். காலி பேட்டரியை வைத்து எதையும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

2. பெல்ட். தளர்ந்ததா, பளபளவென்று வழுக்குகிறதா. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான வாக்குவம் பம்ப் டைனமோவின் முதுகில்தான் இருக்கும். அந்த பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் இல்லை, பிரேக்கும் கல் மாதிரி ஆகிவிடும். அந்த பம்பில் இருந்து ஆயில் கசிந்து டைனமோவுக்குள் போனால் கார்பனும் கெடும்.

3. சாவி போட்டதும் சிவப்பு பல்ப் பிரகாசமாக எரியணும். எரியாவிட்டால் முதலில் அந்த பல்பையும் அதன் வயரையும் பாருங்கள்.

4. எஞ்சின் ஓட, லைட் இல்லாமல் பேட்டரியில் ஒரு தடவை. எல்லா லைட்டும் போட்டு ஒரு தடவை. இரண்டாவதுதான் உண்மையான பரீட்சை.

5. குறைந்தால், அதே நேரத்தில் டைனமோ போல்ட்டில். அங்கேயும் குறைவு என்றால் கார்பன், ரெகுலேட்டர், டயோடு. அங்கே சரி என்றால் வழியில்தான் கோளாறு.

6. ப்ளஸ் பக்க இழப்பு 0.3 வோல்ட்டுக்குள். எர்த் பக்கமும் மறக்க வேண்டாம். டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2-க்குள். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, எர்த் பட்டை ஒன்றுதான் அதைச் சேஸிஸோடு சேர்க்கிறது.

7. எல்லாம் சரி, ஆனாலும் காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. வண்டியைப் பூட்டிய நிலையில் பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி, நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். பழைய வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. மீட்டர் அப்படி இருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, 'வண்டி நிக்கலைன்னா டைனமோ நல்லாருக்கு' என்று பார்ப்பார்கள். மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் எஞ்சின் டைனமோ செத்திருந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் அந்த டெஸ்டுக்கு அர்த்தமே இல்லை. மேலும் பேட்டரி என்பது வோல்ட்டேஜ் குதிப்பைத் தாங்குகிற மெத்தை. அதைச் சட்டென்று உருவினால் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறி நல்ல டயோடையும் ரெகுலேட்டரையும் கொல்லும்.

கடைசியாக

இதில் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பொருளை மாற்றும் முன் வழியை அளக்கணும், அதையும் கரண்ட் ஓடும்போது அளக்கணும். அவ்வளவுதான். ஆனால் பொருளை மாற்றுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அதற்கு பில் இருக்கிறது, வாரண்டி அட்டை இருக்கிறது. வயரோடு அரை மணி நேரம் மீட்டர் பிடிப்பதற்குக் கூலி கேட்டால் யார் தருவார்கள் என்று அந்த எலக்ட்ரீஷியன் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. லைட் எல்லாம் போட்டு அளந்ததை இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்லி, எண்களைத் தன் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி மாமாவோடு மார்க்கெட் வரை போனேன். ஊர் எல்லை தாண்டியதும் டேஷ்போர்டைக் கையால் மறைத்து, குனிந்து அந்த பல்பைப் பார்த்தேன். கும்மிருட்டு. பிறகு நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தேன். புளியமரத்தின் வெள்ளைப் பட்டை தூரத்திலேயே தெரிந்தது.

"மாமா, விக்கிறது?"

"பேட்டரி புதுசா இருக்கே மாப்ள" என்றார். "அது தீரட்டும், பார்ப்போம்."